புதுவை மண்ணுக்கேற்ற ரோஜா

ரோஜா குளிர் நாட்டுச் செடி, கடலோரப் புதுவையில் அது நிலைக்காது என்னும் கருத்து நம் குடியானவர் பலரிடம் உள்ளது. அதற்குக் காரணம் இல்லாமலில்லை. தை மாதத்தில் தள்ளுவண்டியில் வரும் ஒட்டுச் செடியைப் பூவும் மொட்டுமாக வாங்கி நடுகின்றோம். பங்குனி வரை அது பூக்கின்றது. சித்திரை, வைகாசி வெயிலில் மெலிகின்றது. ஐப்பசி மழையில் அடித்தண்டு கறுக்கின்றது. அடுத்த பொங்கலுக்குள் முள் நிறைந்த காட்டுக் கொம்பு ஒன்று மட்டும் எஞ்சி நிற்கின்றது. வீட்டு வாசலில் ஒரு செடி போனால் அது சிறு வருத்தம். கடன் வாங்கி ஐந்து சென்டு நிலத்தில் நூறு செடி வைத்தவருக்கோ அது ஓராண்டு உழைப்பின் இழப்பாகும்.

அதே வட்டாரத்தில், கோயில் நந்தவனங்களிலும் பழைய வீடுகளின் கொல்லைகளிலும் பன்னீர் ரோஜா ஆண்டுக்கணக்காக நின்று பூத்துக்கொண்டிருப்பதையும் காண்கின்றோம். வெயிலும் மழையும் இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே குறை ரோஜாவினிடத்தில் இல்லை, நம் தேர்வில் உள்ளது என்பது தெளிவு. எந்த ரோஜா நம் ஊருக்கு ஏற்றது, அதனை எவ்வாறு வளர்ப்பது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

குளிர் நாட்டார் கற்ற பாடம்

குளிர் நாடுகளிலும் எல்லா ரோஜாக்களும் பிழைப்பதில்லை. கனடா நாட்டின் தலைநகராகிய ஒட்டாவாவில் குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே முப்பது டிகிரி வரையிலும் இறங்குவதுண்டு. கடைகளில் விற்கும் அழகிய ஒட்டு ரோஜாக்கள் அங்கே முதல் குளிர்காலத்திலேயே மடிந்தன. அந்நாட்டு அரசின் வேளாண்மை ஆராய்ச்சித் துறையினர் 1960களில் இதற்கு மாற்றுத் தேட முனைந்தனர். ஃபெலிசிட்டாஸ் ஸ்வெய்தா என்னும் பெண் விஞ்ஞானி அப்பணியை முன்னின்று நடத்தினார். கிழக்காசியக் கடற்கரை மணலில் இயல்பாக வளரும் ருகோசா என்னும் காட்டு ரோஜா போன்ற உறுதியான இனங்களைப் பிற ரோஜாக்களோடு கலந்து, பிறந்த கன்றுகளைத் திறந்த வெளியில் குளிருக்கு விட்டு, பிழைத்தவற்றையே தெரிந்தெடுத்தனர். 1968இல் வெளிவந்த மார்ட்டின் ஃப்ரோபிஷர், 1978இல் வெளிவந்த ஜான் கேபட் முதலிய வகைகள் இவ்வாறு கிடைத்தவை. நாடு காண் பயணிகளின் பெயர்களே அவற்றிற்கு இடப்பட்டுள்ளன.

இவ்வகைகள் பெரும்பாலும் ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரிலேயே வளர்க்கப்படுகின்றன. இதன் பயன் பெரிது. ஒட்டுச் செடியில் வேர் ஒரு காட்டு இனம், மேலே பூக்கும் கிளை வேறொரு இனம். மேற்பகுதி குளிரில் கருகினால் பூவினம் அத்துடன் முடிந்தது. பின்பு அடியிலிருந்து துளிர்ப்பது காட்டு இனமே. சொந்த வேர்ச் செடியில் தண்டு முழுவதும் கருகினாலும் வேரிலிருந்து எழும் துளிர் அதே பூவைத் தரும். நம் ஊரில் வெயிலும் மழையும் தின்றபின் எஞ்சும் முட்கொம்பும் இத்தகைய காட்டு இனமேயாகும்.

இங்கே ஒரு செய்தியைக் கூர்ந்து கவனித்தல் வேண்டும். குளிர் நாட்டார் ஒட்டுச் செடியை நடும்போது ஒட்டுக் கட்டிய இடத்தை மண்ணுக்குள் சில அங்குலம் புதைத்து வைப்பர். மண் போர்வையாக நின்று உறைபனியிலிருந்து அதனைக் காக்கும். நாமோ ஒட்டுப் பகுதியை மண்ணுக்கு மேலே இரண்டு அங்குலமேனும் தெரியும்படி நடவேண்டும். இங்கே பகைவன் பனியன்று, ஈரமே. புதைத்தால் ஒட்டு அழுகிவிடும். ஒரே செடிக்கு இரு நாடுகளில் நேர்மாறான இரண்டு விதிகள் இருக்கின்றன. ஆகையால் பிறர் கூறும் முறையை ஏற்குமுன் அம்முறை எந்தத் துன்பத்தைத் தடுக்க ஏற்பட்டது என்று கேட்டறிதல் இன்றியமையாதது.

நம் ஊரில் செடி தாங்கவேண்டியவை

புதுவையில் ரோஜா மூன்று துன்பங்களைத் தாங்கியாக வேண்டும்.

முதலாவது, வெப்பம். சித்திரை முதல் ஆனி வரை பகல் மட்டுமன்றி இரவும் தணிவதில்லை. பகலில் இலை செய்த உணவை வெப்பமான இரவில் செடி தானே செலவழித்துவிடுகின்றது. பூ சிறுக்கின்றது, இதழ் குறைகின்றது. ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்திலுள்ள ஓசூரில் இரவு குளிர்வதால்தான் அங்கே பசுமைக் குடில்களில் நீண்ட காம்புடைய ரோஜா சிறக்கின்றது. நீலகிரியில் 1995இல் அமைக்கப்பட்ட உதகை அரசு ரோஜாப் பூங்காவில் காணும் ஆயிரக்கணக்கான வகைகளும் மலைக் குளிர்ச்சியால் வாழ்பவை. அவற்றைக் கண்டு மகிழலாம். அவற்றை அப்படியே நம் வயலுக்குக் கொண்டுவர விரும்புவது பொருந்தாது.

இரண்டாவது, வடகிழக்குப் பருவமழை. நமது ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடுகின்றது. 2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுவையில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. ரோஜாவின் வேர் மூச்சுவிடக் காற்று வேண்டும். தேங்கிய நீரில் சில நாள் நின்றாலே வேர் அழுகத் தொடங்கும்.

மூன்றாவது, உப்பு. கடலோரக் கிராமங்களில் நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததன் விளைவாகக் கடல்நீர் உள்ளே ஏறிய கிணறுகள் உண்டு. உப்பு நீரை ரோஜா பொறுப்பதில்லை. இலையின் ஓரம் தீய்ந்தாற்போல் பழுப்பாவது இதன் முதல் அறிகுறியாகும்.

பன்னீர் ரோஜாவின் பூர்விகம்

இம்மூன்றில் முதல் இரண்டையும் ஓரளவு நன்றாகத் தாங்குவது பன்னீர் ரோஜா. எட்வர்ட் ரோஜா என்று வேளாண்மை நூல்கள் குறிப்பதும் இதுவே. இளஞ்சிவப்பு நிறமும் மிகுந்த மணமும் உடையது. கொத்துக் கொத்தாகப் பூப்பது.

இதன் பிறப்பு நம் பகுதியினருக்குச் சுவையான செய்தியாகும். இந்துமாக்கடலில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட போர்போன் தீவில், இன்று ரெயூனியோன் எனப்படும் தீவில், பண்ணைகளுக்கு ரோஜாச் செடிகளை வேலியாக நடுவது வழக்கம். மணம் மிக்க தமாஸ்கு ரோஜாவும், ஆண்டு முழுவதும் பூக்கும் சீன ரோஜாவும் அவ்வேலிகளில் அருகருகே நின்று இயற்கையாகவே கலந்து ஒரு புதிய ரோஜா தோன்றிற்று. 1817இல் அத்தீவுக்கு வந்த பிரெஞ்சுத் தாவர அறிஞர் பிரேயோன் என்பவரால் அது பிரான்சு நாட்டிற்கு அறிமுகமாயிற்று. அத்தீவினர் அதனை எதுவார் ரோஜா என்றனர். எட்வர்ட் என்னும் பெயரின் பிரெஞ்சு வடிவமே எதுவார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பலேறிக் கரும்புத் தோட்ட வேலைக்குச் சென்ற தமிழர் பலர் குடியேறியதும் அதே தீவில்தான்.

வெப்பத் தீவில், உரமும் பராமரிப்பும் இல்லாத வேலியில் பிறந்தமையால் இந்த ரோஜாவுக்கு வெயில் புதிதன்று. சீன ரோஜாவிடமிருந்து அடிக்கடி பூக்கும் இயல்பும், தமாஸ்கு ரோஜாவிடமிருந்து மணமும் இதற்கு வாய்த்துள்ளன. இதன் வேர் உறுதியானது என்பதால் வட இந்தியாவில் பிற ரோஜாக்களை ஒட்டுக் கட்டுவதற்கு அடிச்செடியாகவே இதனைப் பயன்படுத்தி வந்துள்ளனர். எல்லாவற்றிற்கும் மேலாக, குச்சி நட்டாலே வேர் பிடிக்கும். எனவே கன்றுக்கு வெளியூரை எதிர்பார்க்க வேண்டுவதில்லை.

மாலைக்குச் சிவப்பு நிறம் வேண்டுவோர் ஆந்திரச் சிவப்பு என்னும் வகையைச் சிறிதளவு சேர்த்து வைக்கலாம். புதிதாகத் தொடங்குவோர் முதலில் பன்னீர் ரோஜாவை மட்டும் வைத்துப் பழகுவதே நலம்.

பிற்காலத்தில் இன்னும் உறுதியான வகைகள் நமக்குக் கிடைக்கக்கூடும். 1816இல் புதுவைக்கு வந்த பிரெஞ்சுத் தாவர அறிஞர் லெஷெனோவின் பெயரைத் தாங்கிய வெள்ளைக் காட்டு ரோஜா ஒன்று நீலகிரி, பழனி மலைகளில் இன்றும் படர்கின்றது. வங்கம், பீகார் பகுதிகளின் ஆற்றங்கரைகளில் வெள்ளத்தில் நின்றும் அழியாத கிளினோஃபில்லா என்னும் காட்டு ரோஜா உள்ளது. ஆட்சிப் பணியை விட்டு விலகிக் கொடைக்கானலில் தங்கிய வீரராகவன் அவர்கள், இத்தகைய இந்தியக் காட்டு ரோஜாக்களைக் கொண்டு வெப்ப நாட்டுக்கேற்ற புது வகைகளை உருவாக்கியுள்ளார்கள். குளிருக்குக் கனடா நாட்டார் செய்ததை வெயிலுக்கும் வெள்ளத்திற்கும் செய்யும் முயற்சி இது.

நிலமும் நீரும்

சேதராப்பட்டு, காலாப்பட்டுப் பக்கத்துச் செம்மண் மேடுகள் வடிகால் வசதி உடையவை, ரோஜாவுக்கு ஏற்றவை. பாகூர்ப் பகுதியின் வண்டலும் களியும் கலந்த நிலம் வளமானது. எனினும் மழைக்காலத்தில் நீர் நிற்குமாதலால் ஓரடி உயரத்திற்கு மேட்டுப்பாத்தி எழுப்பி, இடையே வாய்க்கால் எடுத்து, அதன் மேல் நடுதல் வேண்டும். கடலோர மணலில் தொழு உரமும் வண்டலும் நிறையச் சேர்த்தாலன்றி நீர் தங்காது. நாள்தோறும் குறைந்தது ஆறு மணி நேரம் வெயில் விழும் இடமாக இருத்தல் அவசியம். தென்னந்தோப்பின் நிழல் ரோஜாவுக்கு ஆகாது.

நடுவதற்கு முன் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதிக்க வேண்டும். கார அமில நிலை ஆறு முதல் ஏழு வரை இருப்பது நன்று. குரும்பாப்பட்டில் உள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகினால் இதற்கான ஆலோசனை பெறலாம். நீர் உப்பாக இருப்பின் அந்நிலத்தில் ரோஜா வைக்கும் எண்ணத்தை விட்டுவிடுவதே உத்தமம். உப்பைப் பன்னீர் ரோஜாவாலும் வெல்ல இயலாது.

கன்று தயாரித்தலும் நடவும்

மழை ஓய்ந்து குளிர்ச்சி நீங்காத தை, மாசி மாதங்கள் குச்சி வைக்கத் தக்கவை. நோயற்ற, நன்றாகப் பூக்கும் தாய்ச் செடியைப் பூக்கும் காலத்திலேயே அடையாளமிட்டு வைத்தல் வேண்டும். பூத்து ஓய்ந்த, பென்சில் பருமனுள்ள முற்றிய கிளையிலிருந்து எட்டு முதல் பத்து அங்குல நீளத்தில், நான்கு கணுக்களுடன் குச்சிகளை வெட்ட வேண்டும். அடி வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக இருத்தல் நலம். மணலும் மட்கிய எருவும் கலந்த பைகளில் இரண்டு கணுக்கள் புதையும்படி ஊன்றி, நிழலில் வைத்து, ஈரம் காயாமல் காக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரங்களில் வேர் பிடிக்கும். துளிர் கண்டவுடன் வேர் வந்ததாக எண்ணிப் பிடுங்கிப் பார்த்தல் கூடாது. குச்சியில் சேர்ந்துள்ள உணவைக் கொண்டே முதல் துளிர் எழுவதுண்டு.

கோடை முழுவதும் கன்றுகள் நிழலிலேயே இருக்கட்டும். ஆடிக் கடைசியிலோ ஆவணித் தொடக்கத்திலோ வயலில் நட்டால், ஐப்பசி மழைக்கு முன் வேர் ஊன்ற இரண்டு மாதத்திற்குக் குறையாத அவகாசம் கிடைக்கும். ஒன்றரை அடி நீள அகல ஆழமுள்ள குழிகளை முன்னதாகவே எடுத்து ஆறவிட்டு, குழிக்குப் பத்து கிலோ தொழு உரம் மேல்மண்ணோடு கலந்து நிரப்பி நட வேண்டும். வரிசைக்கு வரிசை இரண்டு மீட்டர், செடிக்குச் செடி ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும். இக்கணக்கில் ஐந்து சென்டு நிலத்திற்கு நூறு செடிகள் ஆகும். நெருக்கி நட்டால் காற்றோட்டம் குறைந்து நோய் பெருகும்.

முதல் சில மாதங்களில் வரும் மொட்டுகளைக் கிள்ளி எறிய வேண்டும். பூவைக் கண்டபின் கிள்ள மனம் வராது. ஆயினும் அவ்வலிமை வேருக்குச் செல்வதே பின்னர்ப் பல ஆண்டு மகசூலுக்கு வழியாகும்.

கவாத்தும் உரமும்

புதுத் துளிரில்தான் ரோஜா பூக்கும். ஆகவே கவாத்து இன்றிப் பூ இல்லை. காய்ந்த, நோயுற்ற, ஒன்றோடொன்று குறுக்கிடும் கிளைகளை முற்றிலும் நீக்கி, சென்ற பருவத்துக் கிளைகளைப் பாதி அளவுக்கு வெட்ட வேண்டும். வெளிப்புறம் நோக்கிய மொட்டுக்குச் சற்று மேலே, கூரிய கத்தரியால் சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் தாமிரப் பூசணக்கொல்லிப் பசையைத் தடவினால் நுனிக்கருகல் தடுக்கப்படும்.

சமவெளிக்குப் பொதுவாகக் கூறப்படும் கவாத்துக் காலங்கள் ஜூலையும் அக்டோபரும் ஆகும். அக்டோபர்க் கவாத்தை நம் கடற்கரையில் வானிலை பார்த்தே செய்ய வேண்டும். அடைமழையில் வெட்டினால் இளந்துளிர் முழுவதும் நோய்க்கு இரையாகும். நான்கு நாள் வெயில் காயும் இடைவெளியில் வெட்டுவதே முறை. கவாத்து செய்து ஏறத்தாழ ஆறு, ஏழு வாரங்களில் பூ வரும் என்பதால், கார்த்திகை நடுவில் வெட்டிய செடிகள் பொங்கலையொட்டிப் பூக்கும். எல்லாச் செடிகளையும் ஒரே நாளில் வெட்டாமல் மூன்று பகுதியாக்கி இரு வார இடைவெளியில் வெட்டினால் ஒரு புயலில் எல்லாம் போவதும் இல்லை. எல்லாப் பூவும் ஒரே வாரத்தில் வந்து விலை விழுவதும் இல்லை.

ஒவ்வொரு கவாத்துக்குப் பின்னும் செடிக்குப் பத்து கிலோ தொழு உரமும், தழைச்சத்து 6 கிராம், மணிச்சத்து 12 கிராம், சாம்பல் சத்து 12 கிராம் கிடைக்கும் அளவில் இரசாயன உரமும் இட்டு நீர் பாய்ச்ச வேண்டும். கோடையில் காய்ந்த இலையையும் வைக்கோலையும் செடியைச் சுற்றிப் பரப்பினால் வேர் குளிர்ந்திருக்கும். மழைக்கு முன் அதனை அகற்றிவிட வேண்டும்.

நோயும் பூச்சியும்

மழைக்காலத்தில் அஞ்சத்தக்கது கரும்புள்ளி நோய். இதன் வித்துகள் நீர்த்துளி தெறிப்பதால் பரவுகின்றன. இலை ஏழு மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தால் நோய் பற்றிக்கொள்ளும். எனவே மாலையில் செடிமேல் நீர் தெளித்தல் தவறு. காலையில், வேருக்கு மட்டும் பாய்ச்சுதல் வேண்டும். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி எரித்தாலே பாதி நோய் குறையும். பனிக்காலத்தில் சாம்பல் நோயும், கோடையில் இலைப்பேனும் செஞ்சிலந்தியும், தண்டில் செதில் பூச்சியும் தோன்றும். வாரம் ஒருமுறை இலையின் அடிப்புறத்தைப் பார்ப்பதும், தொடக்கத்திலேயே வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதும் செலவைக் குறைக்கும். கட்டுப்படாவிடின் வேளாண்மை அலுவலரின் ஆலோசனைப்படி மருந்து தெளிக்கலாம்.

சந்தை நமக்கு அருகே

பன்னீர் ரோஜாவிற்கு ஒரு குறை உண்டு. இதழ்கள் எளிதில் உதிர்வன. பெட்டியில் அடுக்கி நெடுந்தொலைவு அனுப்ப இயலாது. ஆனால் இக்குறையே அருகிலுள்ள குடியானவருக்குக் காவலாக அமைகின்றது. ஓசூர் ரோஜா நீண்ட வழி கடந்து வந்து நம் சந்தையில் போட்டியிடலாம். விடியற்காலையில் பறித்து அன்றே மாலையாக வேண்டிய பன்னீர் ரோஜாவை வில்லியனூரிலிருந்தோ அரியாங்குப்பத்திலிருந்தோ குபேர் அங்காடிக்குக் கொண்டு செல்பவருக்கு அத்தகைய போட்டி குறைவு. கோயில் மாலைக்கும் திருமணத்திற்கும் உதிரி இதழுக்கும் நகரில் என்றும் தேவை உண்டு. கதிரவன் எழுமுன் பாதி விரிந்த பூக்களைப் பறித்து, ஈரத் துணி விரித்த மூங்கில் கூடையில் அழுத்தாமல் வைத்து அனுப்ப வேண்டும். முகூர்த்த நாளன்று விலை ஏறுவதும், முகூர்த்தமில்லாத மாதங்களில் வீழ்வதும் பூ வணிகத்தின் இயல்பு. விலை வீழும் நாட்களில் இதழைச் சர்க்கரையோடு சேர்த்துக் குல்கந்து செய்யலாம். அவ்வாறு உண்ணும் பொருளாக்கும் எண்ணமுள்ளோர் அச்செடிகளுக்கு நச்சு மருந்து தெளித்தல் கூடாது.

பஞ்சாயத்துகளின் பங்கு

இத்தொழிலில் தனி மனிதர் செய்யக் கடினமானதும், ஊர் கூடினால் எளிதாவதும் நல்ல கன்று கிடைக்கச் செய்தலே. ஒவ்வொரு கொம்யூன் பஞ்சாயத்தும் நீர் வசதியுள்ள பொது நிலத்தில் தாய்ச் செடித் தோட்டம் ஒன்றை அமைக்கலாம். ஊரிலேயே பல ஆண்டு வெயிலையும் மழையையும் தாங்கிய செடிகளைத் தேடிக் குச்சி எடுத்து அங்கே வளர்க்கவேண்டும். ஃபெஞ்சல் போன்ற ஒரு மழைக்குப் பின்னும் தழைத்து நிற்கும் செடியைவிடச் சிறந்த சான்றிதழ் வேறில்லை. கன்று வளர்க்கும் பொறுப்பை மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் ஒப்படைத்தால் அவர்களுக்கு வருவாயும், குடியானவருக்கு நம்பிக்கையான கன்றும் கிடைக்கும். கிணற்று நீர்ப் பரிசோதனையைத் தெருவாரியாக ஒரே நாளில் நடத்துவதும், பூக்கூடைகளைச் சந்தைக்கு ஒரே வண்டியில் அனுப்ப ஏற்பாடு செய்வதும் பஞ்சாயத்தால் இயலும் காரியங்களே.

புதிதாகத் தொடங்குவோர் நூறு செடிக்குப் பதில் இருபது செடி வைத்து, ஒரு கோடையும் ஒரு பருவமழையும் கடந்தபின் விரிவாக்குவார்களாக. இருபது செடிகளுக்கான குச்சி அண்டை வீட்டுக் கொல்லையிலேயே கிடைக்கும்; அதற்குக் கடன் வேண்டுவதில்லை. எந்தச் செடி நிலைத்தது, எந்த மேட்டில் நீர் வடிந்தது என்பதை அந்த ஓராண்டு நமக்குக் காட்டிவிடும். அதன்பின் செய்யும் செலவு வீண்போகாது.